காரில் விழும் சின்னக் கீறல்கள்: சில வருடமாக வீட்டிலேயே ரப்பிங் காம்பவுண்டு போட்ட அனுபவம்

எங்கள் வீட்டில் இரண்டு வண்டி. ஒன்று பழைய வெள்ளை ஹேட்ச்பேக், இன்னொன்று கருநீல மெட்டாலிக் செடான். சென்னையில் இரண்டும் தெருவோரம்தான் நிற்கின்றன. பைக் ஹேண்டில்பார், தண்ணீர் கேன், பூனை நகம், பிள்ளைகளின் சைக்கிள் என்று கோடு விழக் காரணத்துக்குப் பஞ்சமில்லை. ஒவ்வொன்றுக்கும் பெயின்டரிடம் ஓட முடியாது என்பதால் நான்கைந்து வருடமாக ரப்பிங் காம்பவுண்டு (பெயின்டை மெல்லத் தேய்த்தெடுக்கும் பசை), ஸ்க்ராட்ச் ரிமூவர், பாலிஷ், வாக்ஸ் என்று வாங்கி வீட்டிலேயே போட்டு வருகிறேன்.

இந்தப் பொருட்களைப் பற்றி முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று உண்டு. காம்பவுண்டு கீறலை நிரப்பாது. கீறலைச் சுற்றி இருக்கும் பெயின்டைத் தேய்த்து, பள்ளத்தின் அளவுக்கு இறக்கிவிடும், அவ்வளவுதான். காரின் தகட்டின் மேல் துருத் தடுக்கும் ஈ-கோட், அதன் மேல் பிரைமர், அப்புறம் நிறம் தரும் பேஸ் கோட், கடைசியாக நிறமே இல்லாத கிளியர் கோட் என்று அடுக்கடுக்காக இருக்கும். கம்பெனி பெயின்ட்டில் எல்லாம் சேர்ந்தே பெரும்பாலும் 100 முதல் 150 மைக்ரான்தான். அதில் கிளியர் கோட்டின் பங்கு 35 முதல் 50 மைக்ரான். ஒரு தலைமுடியின் தடிமன்கூட வராது. வெயிலிலிருந்து நிறத்தைக் காப்பதும் அந்த மெல்லிய அடுக்குதான். ஒவ்வொரு முறை தேய்க்கும்போதும் அதிலிருந்து கொஞ்சம் போகிறது, போனது திரும்ப வராது. அதனால் கண்ணுக்குத் தெரியும் கோட்டையெல்லாம் தேய்க்கும் ஆர்வம் எனக்கு வருடத்துக்கு வருடம் குறைந்துகொண்டே வருகிறது.

எதைத் தேய்க்கலாம், எதைத் தொடக் கூடாது என்பதற்கு எங்கள் ஏரியா பெயின்டர் அண்ணன் சொன்ன கணக்கைத்தான் இன்றும் வைத்திருக்கிறேன். "நகம் மாட்டலைன்னா வீட்லயே பாத்துக்கோங்க சார், மாட்டுச்சுன்னா என்கிட்ட வாங்க." கோட்டின் குறுக்கே நகத்தை மெல்ல ஓட்டிப் பார்க்க வேண்டும். இன்னொரு வழி, கோட்டின் மேல் தண்ணீர் தெளிப்பது. நனைந்ததும் கோடு மறைந்தால் அது கிளியர் கோட்டோடு நிற்கிறது என்று ஓரளவு நம்பலாம். உள்ளே பிரைமரோ தகடோ தெரிந்தால் எந்தக் காம்பவுண்டும் வேலைக்கு ஆகாது.

நம் வண்டியில் தெரியும் 'கீறல்' பல நேரம் கீறலே இல்லை, உரசிவிட்டுப் போன வண்டியின் பெயின்ட் நம் பெயின்ட் மேல் ஒட்டியிருப்பதுதான். காம்பவுண்டு பளிச்சென்று வேலை செய்வது இங்கேதான். விளம்பரங்களில் ஒரே துடைப்பில் மறையும் கோடுகள் பெரும்பாலும் இந்த வகை என்பது என் சந்தேகம். தின்னர் தொட்டுத் துடைத்தாலும் போகும் என்பார்கள். ஏற்கெனவே ரீபெயின்ட் செய்த பேனலாக இருந்தால் தின்னர் பட்டு இளகிவிட வாய்ப்புண்டு, அதனால் நான் அந்தப் பக்கம் போவதில்லை.

முறை எளிது, பொறுமைதான் வேண்டும். ஷாம்பு போட்டுக் கழுவி, பேனலில் ஒரு மண் துகள்கூட இல்லாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். வெயிலில் காய்ந்த தகட்டில் போட்டால் காம்பவுண்டு உடனே உலர்ந்து ஒட்டிக்கொள்ளும். நிழலில், தகடு ஆறிய பிறகுதான் தொடங்க வேண்டும். கதவின் விளிம்பிலும் பேனல் மடிப்பிலும் பெயின்ட் மெலிதாக இருக்கும், அங்கே மாஸ்கிங் டேப் ஒட்டிவிடுவேன். கறுப்பு பிளாஸ்டிக் பட்டைகளுக்கும் டேப் வேண்டும், இல்லையென்றால் வெள்ளைக் கறை ஏறி இறங்க மறுக்கும். மைக்ரோஃபைபர் துணியில் பட்டாணி அளவு எடுத்து, ஓர் உள்ளங்கை அகல இடத்தை மட்டும் மிதமாக அழுத்தித் தேய்த்து, துடைத்துப் பார்த்து, தேவைப்பட்டால் இன்னொரு முறை. அதற்கு மேலும் கோடு நின்றால் விட்டுவிடுவேன். பளபளப்பில்லாத மேட் ஃபினிஷ் பெயின்ட் உள்ளவர்கள் எதையும் தேய்க்கவே வேண்டாம், அந்த இடம் மட்டும் பளபளத்து நிற்கும்.

வெள்ளை வண்டியில் கூடுதல் சிக்கல் ஒன்று உண்டு. மெட்டாலிக் மினுக்கம் இல்லாத சாலிட் நிறங்களில் சில வண்டிகளுக்குக் கிளியர் கோட் தனியாக இருக்காது. தேய்த்தால் நிறமே துணியில் வரும். சிவப்பு வண்டிக்காரர்களுக்குத் துணி உடனே காட்டிக்கொடுத்துவிடும். வெள்ளைக் காம்பவுண்டை வெள்ளைப் பெயின்ட்டில் போட்டால் எது எது என்று யார் கண்டது! கறுப்புத் துணி வைத்துத் தேய்ப்பது கொஞ்சம் உதவும்.

இனி நீண்ட காலப் பலன். விலை குறைந்த ஸ்க்ராட்ச் வாக்ஸ்களில் சில கோட்டை மெழுகால் மூடி மறைப்பவை. போட்ட அன்று அசத்தலாக இருக்கும், சில வாஷ் கழிந்ததும் கோடு பழைய இடத்தில் வந்து உட்காரும். தேங்காய் எண்ணெய், டபிள்யூடி-40 வைத்தியமும் இதே கதைதான், ஈரம் இருக்கும்வரை. டூத்பேஸ்ட்டில் அரைக்கும் துகள் இருப்பது உண்மை. அது பல்லுக்காகச் செய்தது, பெயின்ட்டில் என்ன செய்யும் என்பது ஒவ்வொரு பேஸ்ட்டுக்கும் வேறு. சரியான காம்பவுண்டு எடுத்த கோடு மட்டும் திரும்பி வரவில்லை. ஆனால் கருநீல வண்டியில் தேய்த்த இடம் பெட்ரோல் பங்க் விளக்கில் லேசாக மங்கித் தெரிந்தது. பிறகு நைஸ் பாலிஷ் ஒரு கை, அதன் மேல் வாக்ஸ் என்று முடித்ததும்தான் மற்ற இடத்தோடு கலந்தது. வெள்ளையில் இந்த மங்கல் யார் கண்ணுக்கும் படாது.

வட்ட வட்டமாகச் சிலந்தி வலை போலத் தெரியும் கோடுகளை நான் கையால் எடுக்க முயல்வதே இல்லை. அதற்கு டூயல் ஆக்‌ஷன் பாலிஷர் (பேடு சுழன்றபடியே அசையும் பாலிஷ் மெஷின்) வேண்டும். ஆங்கிள் கிரைண்டரில் பஃபிங் பேடு மாட்டி ஓட்டச் சொல்லும் வீடியோக்களை நம்பாதீர்கள். அந்த வேகத்தில் ஒரே இடத்தில் நின்றால் சூட்டிலேயே கிளியர் கோட் போய்விடும். அந்த வலைக் கோடுகள் பெரும்பாலும் கழுவும் விதத்தில் வருபவை. வண்டி கழுவ வருபவரிடம் ஒரே பக்கெட், ஒரே பழைய பனியன் துணி, வரிசையாகப் பத்து வண்டி. நான் வாரம் ஒருமுறை நானே கழுவ ஆரம்பித்தேன், அலசுவதற்குத் தனி பக்கெட் வைத்தேன், தூசி படிந்த வண்டிமேல் கவர் போடுவதை நிறுத்தினேன். காம்பவுண்டு பாட்டில் இப்போது மாதக்கணக்கில் திறக்கப்படாமல் கிடக்கிறது.

தகடு தெரியும் ஆழமான கீறலுக்கு, அந்த இடத்தில் மட்டும் பொட்டாக வைக்கும் டச்-அப் பெயின்ட்தான். வண்டியின் நிறத்தைக் குறிக்கும் பெயின்ட் குறியீடு எஞ்சின் அறையிலோ கதவுத் தூணிலோ உள்ள விவரத் தகட்டில் இருக்கும், வண்டிக்கு வண்டி இடம் மாறும். மெட்டாலிக் நிறத்தில் பொட்டு வைத்தது தெரியத்தான் செய்யும். ஆனால் இந்தக் கடல் காற்றில் தகடு திறந்து கிடந்தால் துரு ஏறும், அழகை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

இன்ஷூரன்ஸில் போடலாமே என்று மச்சான் கேட்டார். சின்னக் கோட்டுக்குக் கிளெய்ம் போட்டால் நோ கிளெய்ம் போனஸ் போகும்; கிளெய்ம் இல்லாத முதல் வருடம் 20 சதவீதத்தில் தொடங்கி 50 வரை ஏறும் தள்ளுபடி அது. 1500 சிசி வரையுள்ள வண்டிக்குக் கட்டாயமாக நாம் ஏற்க வேண்டிய 1000 ரூபாய் வேறு. ஒரு பேனல் பெயின்ட் கூலியைக் கேட்டுவிட்டு, ஓன் டேமேஜ் பிரீமியத்தில் (நம் வண்டிச் சேதத்துக்கான பிரீமியம்) எவ்வளவு தள்ளுபடி போகும் என்று கணக்குப் பார்த்தேன், கையிலிருந்து கொடுப்பதே மேல் என்று வந்தது. பின் பம்பரில் நகம் மாட்டும் கோடு ஒன்று இருக்கிறது. பம்பர் பிளாஸ்டிக், துருப் பிடிக்காது, அதனால் அதற்கு எந்தச் செலவும் செய்யவில்லை.