போர்ஷே 962 சாலைப் பதிப்பு: சிவப்பு விளக்கில் நிறுத்தினால்தான் தெரியும்

1980களின் பந்தயக் காரான போர்ஷே 962-ஐ நிற்பதற்கென்று யாரும் வடிவமைக்கவில்லை. லெ மான் போன்ற 24 மணி நேரப் பந்தயத்தில் பெட்ரோல் ஊற்றவும் டயர் மாற்றவும் ஆள் மாறவும் மட்டும் பிட்டில் நிற்கும். பெட்ரோல் ஏறும்போது இன்ஜினை அணைத்துவிடுவார்கள். மீதி நேரமெல்லாம் எதிரே அடிக்கும் காற்றுதான் அதற்குக் குளிர்ச்சி. அந்த வண்டிக்கு நம்பர் பிளேட்டும் இண்டிகேட்டரும் மாட்டி ஊருக்குள் கொண்டுவந்தால் என்ன ஆகும்? குதிரைத்திறனைப் பற்றிப் பேசுகிற மதிப்புரைகள் நிறைய உண்டு. இங்கே பேசப்போவது நிற்பது, ஊர்வது, திரும்புவது பற்றி.

1990களின் தொடக்கத்தில் இந்த வேலையில் இறங்கியவர்களில் மூவர் முக்கியம். ஜெர்மனியில் நியூரம்பெர்க்கின் யோஹென் டாவர், பழைய 962 சேசிஸை அடித்தளமாக வைத்து, கார்பன்-கெவ்லார் உடல் போர்த்தி, 'டாவர் 962 லெ மான்' காரை 1993 ஃபிராங்க்ஃபர்ட் கண்காட்சியில் நிறுத்தினார். 1983 லெ மானை 962-க்கு முந்தைய மாடலான 956-இல் வென்ற வெர்ன் ஷுப்பன், கார்பன் மோனோகாக்கும் (காரின் ஒற்றை உடற்கூடு) முற்றிலும் புதிய உடலும் கொண்ட 962சிஆர்-ஐக் கட்டினார். மூன்றாவது, ஜெர்மனியின் கோனிக் நிறுவனம் கட்டிய சி62. மூன்றில் பந்தயக் காருக்கு மிக நெருக்கமானது டாவர். ஷுப்பனுடையது நல்ல கார்தான். ஆனால் அதைத் திறந்து பார்ப்பவருக்கு 962 இன்ஜினின் நினைவு வருமே தவிர 962-இன் நினைவு வராது.

டாவர் காருக்கு ஒரு விசித்திரமான பெருமை உண்டு. 1994 லெ மானில் ஜிடி பிரிவு விதிகள் சாலைக் காரின் வழித்தோன்றலை ஏற்றன; 120 லிட்டர் டேங்கும் அனுமதித்தன. முன்மாதிரிக் கார்களுக்கோ 80 லிட்டர்தான். பந்தயக் காரைச் சாலைக்குக் கொண்டுவந்து, அதே சாலைக் காரை மறுபடி பந்தயத்துக்கு அனுப்பினார்கள். ஓட்டுநர்கள் டல்மாஸ், ஹேவுட், பால்டி மூவரும் அதில் வென்றார்கள். விதிப்புத்தகத்தை இவ்வளவு ரசித்துப் படித்தவர்கள் குறைவு.

இனி வண்டிக்குள். 956-ஐ விட்டு 962-ஐத் தேர்ந்தெடுக்க ஒரு நல்ல காரணம் இருக்கிறது: அச்சுகளுக்கு இடையிலான தூரம் 2,650-இலிருந்து 2,770 மி.மீ. ஆக நீண்டது. அமெரிக்கப் பந்தய விதி கேட்டபடி ஓட்டுநரின் பாதம் முன் அச்சுக்குப் பின்னால் வந்தது அதனால்தான். சாலையில் ஓட்டுகிறவருக்கு அந்த 120 மி.மீ. பெரிய விஷயம். ஸ்டீயரிங் வலப்பக்கம், கியர் லிவரும் வலது கைக்கே. இடப்பக்க இருக்கை பெயருக்குத்தான். அங்கே உட்காருபவர் தோளைக் குறுக்கிக்கொள்ள வேண்டும்.

சூடுதான் முதல் எதிரி. ரேடியேட்டரும், டர்போ அழுத்தி அனுப்பும் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரும் இன்ஜினுக்கு முன்னால் பக்கவாட்டுக் கூடுகளில் இருக்கின்றன. வண்டி ஓடினால்தான் காற்று அங்கே போய்ச் சேரும். மாற்றியமைப்பவர் செய்ய வேண்டியது: ஒவ்வொரு பக்கத்துக்கும் மின்விசிறி, காற்று சுற்றிக்கொண்டு திரும்பி வராதபடி இடைவெளிகளை அடைத்த தகடுகள், இன்ஜின் நின்ற பின்னும் சில நிமிடம் ஓடும் மின் பம்ப், இத்தனைக்கும் ஈடுகொடுக்கும் ஆல்டர்னேட்டர். பலரும் கோட்டைவிடுவது கடைசியில்தான். பந்தயத்தில் இன்ஜின் உயர்வேகத்திலேயே ஓடுவதால் சின்ன ஆல்டர்னேட்டர் போதும். ஐடிலில், அதாவது வண்டி நின்றபடி இன்ஜின் மெதுவாக ஓடும்போது, விசிறி, விளக்கு, பெட்ரோல் பம்ப், குளிர்சாதனம் எல்லாம் சேர்ந்து இழுத்தால் வோல்டேஜ் சரியும். இன்ஜெக்ஷனைக் கட்டுப்படுத்தும் பெட்டி குழம்பும். வண்டி திணறி நிற்கும். பார்ப்பவர்கள் டர்போவைக் குறை சொல்வார்கள்.

எந்த இன்ஜின் என்று கேட்காமல் பணம் கொடுக்காதீர்கள். பழைய வகையில் சிலிண்டர் தலைகளுக்கு மட்டும் தண்ணீர். சிலிண்டர்களைக் குளிர்விப்பது மேலே கிடைமட்டமாகச் சுற்றும் பெரிய விசிறி. பிந்தைய வகை முழுக்க நீர்க்குளிர்ச்சி. ஊருக்குள் ஓட்ட இதுவே நல்லது. தலையும் சிலிண்டரும் எலெக்ட்ரான் கற்றையால் ஒன்றாகப் பற்றவைக்கப்பட்டவை. கேஸ்கெட் வெடிக்கும் பிரச்சினையே கிடையாது என்பது லாபம். வால்வு வேலை வந்தால் தலையை மட்டும் கழற்ற முடியாது என்பது நஷ்டம். சாதாரண மெக்கானிக் தொடக்கூடிய வேலை இல்லை இது.

ஆயில் டிரை சம்ப் முறை: இன்ஜினுக்கு அடியில் தேங்காமல் தனி டேங்கில் இருக்கும். அளவை இன்ஜின் சூடாகி ஐடிலில் ஓடும்போது பார்க்க வேண்டும். குளிர்ந்த நிலையில் டேங்கைத் திறந்தால் குறைவாகத் தெரியும். பதறி ஊற்றினால் ஓடும்போது மூச்சுக்குழாய் வழியே கக்கும். ஆயில் 60, 70 டிகிரியைத் தொடும்வரை பூஸ்ட்டை (டர்போ தரும் கூடுதல் அழுத்தம்) கேட்கக் கூடாது. விரட்டி ஓட்டிவிட்டு உடனே சாவியைத் திருப்புவதும் கூடாது. இரண்டு மூன்று நிமிடம் ஐடிலில் விடாவிட்டால் டர்போ பேரிங்கில் ஆயில் கருகிப் பிடிக்கும்.

கிளட்ச் பந்தய வகையாகவே இருந்தால் ஊர்ந்து போவது வதை. பிளேட் சிறியது, ஃப்ளைவீல் இலேசானது. பாதி விட்டுப் பிடித்து ஓட்டினால் சில கிலோமீட்டரிலேயே நாறும். நல்ல மாற்றத்தில் கனமான ஃப்ளைவீலும் அதிர்வு தாங்கும் ஸ்பிரிங் பிளேட்டும் இருக்கும். அதைவிட முக்கியம், திரும்பும்போது இரு பின் சக்கரங்களையும் வெவ்வேறு வேகத்தில் சுற்றவிடும் டிஃபரென்ஷியல். இந்த வகைப் பந்தயக் கார்களில் பின் அச்சு பூட்டியே இருக்கும். இரு சக்கரமும் ஒரே வேகத்தில் சுற்றும். வேக வளைவில் பழகிவிடலாம். வாகன நிறுத்தத்தில் முழுக்க ஒடித்தால் உள் சக்கரம் தரையைத் தேய்த்துக் கிறீச்சிடும், முன்பக்கம் நேராகவே போகப் பார்க்கும், டிரைவ் ஷாஃப்ட் மூட்டுகள் அடி வாங்கும். அந்த வேக வித்தியாசத்தை ஓரளவு அனுமதிக்கும் லிமிடெட் ஸ்லிப் டிஃபரென்ஷியல் போடவில்லை என்றால் அது சாலைக் கார் ஆகவில்லை, பதிவு மட்டும் ஆகியிருக்கிறது.

உயரம் பற்றி அதிகம் சொல்ல வேண்டாம்: ஹைட்ராலிக் தூக்கி இல்லாத 962 எந்த வேகத்தடையையும் தாண்டாது. டாவரில் அது உண்டு. தூக்கிய நிலையில் சக்கரக் கோணங்கள் மாறிவிடும். மெதுவாகத் தாண்டி உடனே இறக்கிவிடுங்கள். சஸ்பென்ஷன் மூட்டுகளில் ரப்பர் இல்லை, வெறும் உலோகக் குண்டு. தூசி புகுந்தால் தேய்ந்து கடகடக்கும். ரப்பர் உறை மாட்டினால் ஆயுள் கூடும், சத்தம் குறையாது.

பிரேக்குக்கு சர்வோ (மிதிப்பதை இலேசாக்கும் துணைக்கருவி) கிடையாது. பந்தய பேட் குளிரில் பிடிக்காது. சாலை வகை பேட் போடுங்கள், மிதிக்கத் தெம்பும் வைத்துக்கொள்ளுங்கள். ஹேண்ட் பிரேக்குக்குத் தனி மெக்கானிக்கல் காலிப்பர் பின் டிஸ்கில் இருக்கிறதா என்று பாருங்கள். ஜெர்மனியில் வாகனப் பதிவு விதிகளின் பாரா 21-இன் கீழ் தனி வண்டிச் சோதனைக்குப் போகும்போது முதலில் இழுத்துப் பார்ப்பவற்றில் அதுவும் ஒன்று.

பெட்ரோல் டேங்க் ரப்பர் பை. பந்தய விதிப்படி அதன் ஆயுள் ஐந்து ஆண்டு. தயாரிப்பாளர் சோதித்தால் இன்னும் இரண்டு. சாலையில் யாரும் கேட்கமாட்டார்கள் என்று விட்டுவிடுகிறார்கள். உள்ளே இருக்கும் நுரைப்பஞ்சு, எத்தனால் கலந்த பெட்ரோலில் சீக்கிரம் பொடியாகி ஃபில்டரை அடைக்கும். ஃபில்டரில் கறுப்புத் துகள் தெரிந்தால் பையையே மாற்றுங்கள். மக்னீசிய வார்ப்புகளுக்கும் சக்கரங்களுக்கும் சாயம் ஊற்றி விரிசல் சோதனை அவசியம். வெறும் கண்ணுக்குத் தெரியாது.

சேசிஸ் எண் தனிக் கதை. தொழிற்சாலையில் செய்த அலுமினிய மோனோகாக் போதிய விறைப்பாக இல்லை என்று பல தனியார் அணிகள் தேன்கூடு அலுமினியத்தில் தாங்களே செய்துகொண்டன. விபத்துக்குப் பின் மோனோகாக்கை மாற்றி பழைய சேசிஸ் எண்ணைத் தக்கவைத்ததும் உண்டு. கழற்றிய பந்தய பாகங்கள் பெட்டியில் இருக்கின்றனவா என்று கேளுங்கள். திரும்பப் பொருத்த முடியாதபடி துளை போட்டு வெட்டிய மாற்றத்துக்கு எங்களிடம் மதிப்பெண் இல்லை.

ஓட்டம்? டாவரில் சுமார் 730 குதிரைத்திறன், 1,000 கிலோவைச் சற்றே தாண்டும் எடை. 1998-இல் டாவர் 400 கி.மீ. வேகத்தைத் தாண்டியது. பூஸ்ட் வரும்வரை சாது, வந்த பின் பேச்சே இல்லை. டர்போக்களே சத்தத்தைப் பாதி விழுங்கிவிடுவதால் மஃப்ளர் சின்னதாக இருந்தாலும் காதைக் கிழிக்காது.

வாங்கப் போகிறவர் செய்ய வேண்டிய சோதனை இது. இன்ஜின் சூடான பின் வண்டியை நிழலில் நிறுத்தி, விளக்கும் விசிறியும் போட்டு 15 நிமிடம் ஐடிலில் விடுங்கள். தண்ணீர்ச் சூடும் வோல்டேஜும் ஒரு நிலையில் நிற்க வேண்டும். அணைத்துப் பத்து நிமிடம் கழித்து மறுபடி ஸ்டார்ட் செய்யுங்கள். ஸ்டார்ட்டர் முனகினால் எக்சாஸ்ட் சூடு அதைத் தின்கிறது. சுற்றியும் பிடிக்கவில்லை என்றால் குழாயில் பெட்ரோல் ஆவியாகிறது. இரண்டுமே சரிசெய்யக் கூடியவைதான். செலவை விலையில் கழித்துக்கொள்ளுங்கள்.