பழைய ஆர்கேட் ஸ்டியரிங்கைக் கம்ப்யூட்டரில் மாட்டி ஓட்டிய அனுபவம்

காசு போட்டு ஓட்டும் கார் கேம் மெஷினின் ஸ்டியரிங்கையும் பெடலையும் வீட்டுக் கம்ப்யூட்டரில் மாட்டி வருடக்கணக்கில் ஓட்டிக்கொண்டிருக்கிறேன். பார்க்க வருகிறவர்கள் எந்த போர்டு, எந்த புரோகிராம் என்றுதான் முதலில் கேட்கிறார்கள். அது ஓரிரு நாளில் முடிகிற வேலை. செட் எத்தனை வருடம் உழைக்கும் என்பது வீல் எவ்வளவு திரும்பியது என்று சொல்லும் சென்சாரையும் ஸ்டாண்டையும் பொறுத்தது.

மதுரையில் ஒரு கேம் சென்டரை மூடியபோது கழித்துப் போட்ட சாமான்களோடு கிடைத்த செட் இது. இரும்பு ஷாஃப்ட், இரண்டு பக்கமும் பேரிங். சின்னப் பசங்க முதல் பெரியவர்கள் வரை தொங்கி இழுப்பார்கள் என்று தெரிந்தே செய்திருக்கிறார்கள். அந்தக் கனம் கைக்குத் தெரிகிறது. பிளாஸ்டிக் கியர் வைத்த விலை குறைந்த வீல்களில் இது கிடைக்காது.

உள்ளே பெரிய விஷயம் எதுவும் இல்லை. ஷாஃப்டில் ஒரு பல்சக்கரம், அது சுழற்றுகிற ஒரு பாட், அதாவது நம்ம ரேடியோ மெக்கானிக்குகள் வால்யூம் கன்ட்ரோல் என்று சொல்வது. 5 கிலோ ஓம், மூன்று கால். ஓரக் கால் ஒன்றுக்கு 5 வோல்ட், இன்னொன்றுக்கு கிரவுண்ட், நடுக்கால் போர்டின் அனலாக் பின்னுக்கு. பெடலிலும் இதே கதைதான். இதைக் கம்ப்யூட்டரோடு இணைக்கும் போர்டுக்கு ஆர்டுயினோ லியனார்டோ போதும். அதிலுள்ள சிப்பே யூ.எஸ்.பி. பேசும் என்பதால், ஜாய்ஸ்டிக் லைப்ரரியை ஏற்றியதும் விண்டோஸ் அதைக் கேம் கன்ட்ரோலராகவே எடுத்துக்கொள்ளும். ஆர்டுயினோவிலேயே ஊனோ என்ற போர்டை வாங்காதீர்கள், நேரடியாக அப்படி வேலை செய்யாது. பழைய மெஷினின் பவர் சப்ளையும் மோட்டாரும் எனக்குத் தேவைப்படவில்லை. வீல் நடுவுக்குத் திரும்ப, பைக் ஸ்பேர் கடையில் வாங்கிய சைடு ஸ்டாண்ட் ஸ்பிரிங் இரண்டை எதிரெதிராக மாட்டியிருக்கிறேன். இன்றுவரை அதே ஸ்பிரிங்தான்.

தொல்லை கொடுத்தது பாட். முதலில் எல்லாம் சரியாகத்தான் ஓடியது. பிறகு நேர் ரோட்டில் போகும்போது மட்டும் வண்டி இடமும் வலமுமாகத் துடிக்க ஆரம்பித்தது. வளைவில் ஒன்றும் இல்லை. கழற்றிப் பிரித்ததும் காரணம் கண்ணுக்கே தெரிந்தது. பாட்டுக்குள் முனை உரசி ஓடும் கரித்தடத்தின் நடுவில் மட்டும் கறுப்பு தேய்ந்து பழுப்பாக ஒரு கோடு. வீல் பெரும்பாலும் நடுவில்தான் நிற்கிறது, அங்கேதான் பொடிப்பொடியாக ஆடுகிறது, அங்கேதான் தேயும். போதாததற்கு நம்ம ஊர்ப் புழுதி வேறு. கான்டாக்ட் கிளீனர் அடித்தால் கொஞ்ச நாள் தாங்கும், அவ்வளவுதான். நடுக்காலுக்கும் கிரவுண்டுக்கும் ஒரு 104 (0.1 மைக்ரோஃபாரட்) கப்பாசிட்டர் போட்டால் லேசான நடுக்கம் அடங்கும். தேய்மானத்துக்கு அது மருந்தில்லை. புது பாட் வாங்குவதானால் டவுன்ஹால் ரோடு கடைகளில் 'பி 5 கே' என்று கேட்டு வாங்குங்கள். 'ஏ' போட்டது ஆடியோவுக்கானது. அதை மாட்டினால் ஒரு பக்கம் மந்தமாகவும் மறுபக்கம் வெடுக்கென்றும் திரும்பும்.

கடைசியில் ஸ்டியரிங்கில் பாட்டையே எடுத்துவிட்டு ஏ.எஸ். 5600 என்ற காந்த சென்சாரை வைத்தேன். சில நூறு ரூபாய்தான். ஒன்றோடொன்று உரசாது, அதனால் தேயாது. ஒரு முழுச் சுற்றை 4096 படியாகப் பிரிக்கும். என் வீல் திரும்புவது 270 டிகிரி, அதற்கு 3072 படி கிடைக்கிறது. பழைய பாட்டோடு ஆர்டுயினோ தந்தது அதிகபட்சம் 1024. ஷாஃப்ட் முனையில் காந்தம் உட்கார ஒரு கூடு வேண்டும். கே.புதூரில் ஒரு லேத் பட்டறையில் கேட்டேன். "இரும்புல போட்டா காந்தம் இழுக்கும் தம்பி, பித்தளைல கடஞ்சு தாரேன்" என்று அண்ணனே சொல்லிவிட்டார். காந்தத்துக்கும் சிப்புக்கும் இடையே ஒன்றிரண்டு மில்லிமீட்டர் விட்டு மாட்டினேன். அதற்குப் பிறகு நேர் ரோட்டில் வண்டி கோடு போட்ட மாதிரி போகிறது.

ஸ்டாண்டை ஒரு இஞ்ச் ஸ்கொயர் பைப்பில் வெல்டிங் வைத்து, பெடல் பலகையையும் அதோடு சேர்த்துவிடுங்கள். தனியாக வைத்தால் பிரேக்கை அழுத்தும்போதெல்லாம் பலகை நகரும். சக்கரம் வைத்த நாற்காலி வேண்டவே வேண்டாம்.

எந்த கேமுக்கு ஒத்துவரும் என்றால், ஆர்கேட் ரேஸும் ராலியும் அருமை. கையை மாற்றாமலே முழு வளைவும் எடுக்கலாம். யூரோ டிரக் சிமுலேட்டர் 2-ல் நெடுஞ்சாலை ஓட்டுவது சுகம், ஆனால் டிரெய்லரை ரிவர்ஸ் எடுக்கப் பொறுமை வேண்டும். 900 டிகிரி வீலில் நிதானமாகச் செய்வதை இங்கே 270-க்குள் முடிக்க வேண்டியிருக்கிறது. செட்டிங்கில் ஸ்டியரிங் நான்-லீனியாரிட்டியைக் கொஞ்சம் ஏற்றினால் நடுவில் மென்மையாகிறது. எக்ஸ்பாக்ஸ் பேடை மட்டுமே தேடும் கேம்களுக்கு நம்ம வீலை எக்ஸ்பாக்ஸ் பேடாகக் காட்டும் எக்ஸ்360சிஇ என்ற புரோகிராமை வைத்துச் சமாளிக்கலாம். பிளேஸ்டேஷன் வைத்திருப்பவர்கள் இந்த வழியை விட்டுவிடுங்கள். இந்த போர்டை அது நேரடியாக ஏற்காது.

பழைய செட் பார்க்கப் போனால் முள் வைத்த மல்டிமீட்டரைக் கொண்டு போங்கள். நடுக்காலிலும் ஓரக்காலிலும் வைத்து வீலை மெதுவாகச் சுற்றினால், தேய்ந்த இடத்தில் முள் துள்ளும். துள்ளினாலும் வாங்கலாம், சென்சாரை மாற்றிக்கொள்ளலாம். வீலை மேலும் கீழும் அசைத்துப் பாருங்கள்: ஷாஃப்ட் லொடலொடவென்று ஆடினால் பேரிங்கையும் அது உட்காரும் இடத்தையும் லேத்தில் சரிசெய்ய என்ன ஆகும் என்று விசாரித்துவிட்டு விலை பேசுங்கள்.