உவரிப் பக்கம் எழும்புகிற கடலோர அபார்ட்மெண்ட்: தளம் ஏறியாச்சு, தண்ணீர் எப்போது?

திசையன்விளையிலிருந்து உவரிக்குப் போகிற பக்கம், கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டிக் கட்டிக்கொண்டிருக்கிற ரிசார்ட் அபார்ட்மெண்டைப் பற்றி மும்பையிலும் வளைகுடாவிலும் இருக்கிற நம்ம ஊர்க்காரர்கள் நிறையப் பேர் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். பணம் கட்டியிருக்கிறோம், வேலை உண்மையிலேயே நடக்கிறதா, படத்தில் காட்டுவது போலத்தான் இருக்கிறதா என்று. மஸ்கட்டில் இருக்கிற எங்க அத்தானும் அக்காவும் அதில் இரண்டாவது பிளாக்கில் ஒரு வீடு புக் பண்ணியிருக்கிறார்கள். நான் பாளையங்கோட்டையில் சின்ன அளவில் வீடு கட்டிக்கொடுக்கிற தொழிலில் இருப்பதால் சைட்டைப் போய்ப் பார்த்துச் சொல்கிற பொறுப்பு எனக்கு வந்தது. இடத்தைச் சொன்னதும் எந்த வேலை என்று விசாரிக்கிறவர்களுக்குத் தெரிந்துவிடும், அதனால் கம்பெனி பெயர் இங்கே வேண்டாம்.

முதலில் நிலவரம். முதல் பிளாக்கில் மொட்டைமாடி வரை தளம் முடிந்து, கட்டு வேலையும் முடிந்து, உள்பூச்சு ஓடிக்கொண்டிருக்கிறது. இரண்டாவது பிளாக்கில் மூன்றாம் தளம் போட்டுவிட்டார்கள், அதற்கு மேல் பில்லர் கம்பி நிற்கிறது. நீச்சல்குளம் நீல டைல்ஸ் ஒட்டித் தயார். கிளப் ஹவுஸுக்குக் கூரை போட்டாச்சு. மாதாமாதம் வாட்ஸ்அப்பில் வருகிற படங்களின் கீழே எழுபது சதவீதம் முடிந்தது என்று போட்டிருக்கிறார்கள், படத்தை மட்டும் பார்த்தால் யாரும் நம்புவார்கள். ஆனால் தரைக்குக் கீழே சம்ப், அதாவது தண்ணீர் சேமிக்கிற தொட்டி, பாதிக் குழியாகக் கிடக்கிறது, கழிவுநீர் சுத்திகரிப்புத் தொட்டிக்கு அடித்தளம் மட்டும்தான் போட்டிருக்கிறது, உப்புநீரைக் குடிநீராக்குகிற பிளான்ட் வர வேண்டிய ஷெட் இருக்கிற இடத்தில் சென்ட்ரிங் பலகை அடுக்கி வைத்திருக்கிறார்கள்.

இது ஏன் இப்படி ஆகிறது என்பது எங்கள் தொழிலில் இருக்கிற எல்லாருக்கும் தெரியும். அக்ரிமெண்டில் தவணை தளத்தோடு கட்டப்பட்டிருக்கிறது. பேஸ்மட்டம் முடிந்தால் ஒரு தவணை, ஒவ்வொரு தளம் போட்டதும் ஒரு தவணை, பூச்சு முடிந்தால் ஒன்று, சாவி கொடுக்கும்போது கடைசி. தளம் போட்ட மறுவாரம் மஸ்கட்டுக்கு டிமாண்ட் லெட்டர் போய்விடும். சம்ப்புக்கும் சுத்திகரிப்புத் தொட்டிக்கும் தவணை இல்லை, அதனால் அவசரமும் இல்லை. ஊருக்குள் கட்டுகிற வீட்டில் இந்த முறை பெரிய கேடு ஒன்றும் செய்யாது. கடலோரத்தில் கட்டடத்தின் ஆயுளைத் தீர்மானிக்கிற வேலை எல்லாம் படத்தில் விழாத வேலைதான், அதைத்தான் ஒருவர் நேரில் போய்ப் பார்க்க வேண்டும்.

அதில் முதலாவது கம்பி. இந்த விஷயத்தில் அந்தக் கம்பெனிக்கு நல்ல மார்க் கொடுக்கிறேன், மனதாரக் கொடுக்கிறேன். உவரி, பெரியதாழை, கூடுதாழை என்று எந்தக் கடற்கரை ஊரிலும் போய், கட்டி ஆண்டுகள் பல ஆன ஒரு சன்ஷேடை நிமிர்ந்து பாருங்கள்: அடியில் காங்கிரீட் பொருக்காக விழுந்து, கம்பி செந்நிறமாக இளித்துக்கொண்டிருக்கும். உப்பு காங்கிரீட்டுக்குள் மெல்ல இறங்கிக் கம்பியைத் தொட்டதும் துரு பிடிக்கிறது, துரு இரும்பைவிட அதிக இடம் கேட்கும், அந்த நெருக்கலில் வெளியே இருக்கிற காங்கிரீட் பிளந்துகொள்ளும். அதைத் தள்ளிப்போட இருக்கிற வழி கம்பிக்கு மேல் நெருக்கமான, கனமான காங்கிரீட் போர்வை. ஐஎஸ் 456 என்கிற 2000-ஆம் வருடத்து இந்தியக் காங்கிரீட் விதிநூல் கடலோரக் காற்று படுகிற கட்டடத்துக்குக் குறைந்தது எம் 30 வலிமையுள்ள காங்கிரீட், கவர் என்கிற அந்தப் போர்வை 45 மில்லிமீட்டர், தண்ணீர் சிமெண்ட் விகிதம் 0.45-க்கு மேல் போகக்கூடாது என்கிறது. சாதாரணமாக நம்ம ஊர் வீடுகளில் தளத்துக்குக் கம்பியைப் பலகையிலிருந்து தூக்கி நிறுத்த 20 மில்லி கவர் பிளாக்தான் வைப்போம்.

இரண்டாவது பிளாக்கில் மூன்றாம் தளத்துக்குக் கம்பி கட்டி முடித்து, காங்கிரீட்டுக்கு முந்தின நாள் மேலே ஏறிப் பார்த்தேன். கவர் பிளாக் எல்லாம் சிமெண்டில் வார்த்தது, உடைந்த டைல்ஸ் துண்டோ கருங்கல் சல்லியோ ஒன்றும் இல்லை. டேப் வைத்துப் பார்த்தால் 45. ஆனால் வடமேற்கு மூலையில் பால்கனி பீமுக்கு அடியில் ஒரு கெஜ நீளத்துக்குப் பிளாக்கே இல்லாமல் கம்பி தொய்ந்து பலகையில் உட்கார்ந்திருந்தது. சூப்பர்வைசர் நாங்குநேரிப் பையன், கூப்பிட்டுக் காட்டினேன். "அண்ணாச்சி, இது நேத்து ஆள் நடந்ததுல சரிஞ்சிருக்கும், இப்பவே வைக்கச் சொல்லுதேன்" என்று சொல்லி, கம்பி கட்டுகிறவரை அங்கேயே நிறுத்திக் கம்பியைத் தூக்கி மூன்று பிளாக் செருக வைத்தான். மறைக்கவும் இல்லை, சமாளிக்கவும் இல்லை. பில்லருக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கிற கம்பிகளுக்கும் சிமெண்ட் பால் அடித்து வைத்திருந்தார்கள். அந்தக் காற்றில் சும்மா விட்டால் கொஞ்ச நாளிலேயே பொருக்கு ஏறிவிடும், பல சைட்டில் அதை அப்படியே வைத்துத்தான் மேலே வார்ப்பார்கள்.

அடுத்தது தண்ணீர். கடற்கரையில் போர் போட்டால் வருகிற தண்ணீரை நாக்கில் வைத்தாலே தெரியும். கம்பி போட்ட காங்கிரீட் கலக்கிற தண்ணீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது என்பது அதே விதிநூலின் கணக்கு. இங்கே காங்கிரீட் ரெடிமிக்ஸாக வெளியிலிருந்து வருகிறது, எம் சாண்டும் ராதாபுரம் பக்கத்து கிரஷர்களிலிருந்துதான், கடல் மணலோ, தேரி என்கிற செம்மணல் மேட்டு மணலோ உள்ளே வரவில்லை, நல்லது. ஆனால் தளம் போட்டபிறகு பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்துவதற்கும் பூச்சுக்கும் முதலில் போர் தண்ணீரையே திறந்துவிட்டிருந்தார்கள். கேட்டபோது டெஸ்ட் ரிப்போர்ட் காட்டினார்கள், அது மழைக்காலம் முடிந்த கையோடு எடுத்த தண்ணீர். கோடையில் அதே போரில் உப்பு ஏறும் என்பது அந்தப் பக்கத்துப் பனையேறிக்குக்கூடத் தெரியும். திரும்ப எடுக்கச் சொல்லி நாங்கள் சில பேர் சேர்ந்து மெயில் போட்டோம், எடுத்தார்கள், அளவு தாண்டியிருந்தது, அதிலிருந்து டேங்கர் தண்ணீர் வருகிறது. டேங்கர் வந்ததும் புது வினை: தண்ணீருக்குக் காசு ஆகிறது என்பதால் நனைக்கிற நாளைக் குறைக்கப் பார்க்கிறார்கள். இரும்பாலைக் கசடு கலந்த ஸ்லாக் சிமெண்ட் போடுகிறார்கள், கடலோரத்துக்கு ரொம்ப நல்ல தேர்வு, ஆனால் அது மெதுவாக இறுகுகிற சரக்கு, வெயில் காய்கிற இடத்தில் 14 நாளாவது ஈரம் இருக்க வேண்டும். ஒன்பதாம் நாளே பாத்தி காய்ந்து வெடித்துக் கிடந்ததைப் படம் எடுத்து அனுப்பினேன், மறுபடி தண்ணீர் விட்டார்கள். புக் பண்ணியிருக்கிறவர்கள் இந்த ஒரு விஷயத்தை விடவே விடாதீர்கள். வாட்ஸ்அப் படத்துக்குப் பதிலாகத் தளம் வார்த்த தேதியும் நனைத்த கடைசித் தேதியும் எழுதின ரெஜிஸ்டரைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள்.

எனக்கு உண்மையில் கோபம் வந்தது வெளிப்பூச்சில். முதல் பிளாக்கின் மேற்குச் சுவருக்கு ஆடி மாதம் பூசியிருக்கிறார்கள். அம்மியும் பறக்கிற காற்று, அதுவும் காற்றாலைகள் எல்லாம் முழு வேகத்தில் சுற்றுகிற நாட்கள். பூசின கலவை மட்டப்பலகை இழுத்து முடிக்கிறதுக்குள் வறண்டுபோகும். சாரத்தில் ஏறிக் கிட்டத்தில் பார்த்தால் சுவர் முழுக்க மயிரிழை வெடிப்பு, வலை போட்டது மாதிரி. ஈரத்துணியால் துடைத்தால் கோடு கோடாகத் தெரிகிறது, கீழிருந்து படம் எடுத்தால் தெரியாது. பெயிண்ட் அடித்தால் மறையும், உப்புக் காற்று மட்டும் அந்த வழியாகத்தான் உள்ளே போகும். கொத்தனார் பாவம், "முதலாளி நாளு சொல்லிட்டாவ, நாங்க என்ன செய்ய" என்றார். சாரத்தில் பச்சை வலையாவது கட்டியிருக்கலாம், அல்லது புரட்டாசி வரை தள்ளியிருக்கலாம். பூச்சு முடிந்தால் ஒரு தவணை என்று மேலே சொன்னேன் அல்லவா, அதற்காகத்தான் ஓடியிருக்கிறார்கள். சண்டை போட்டபிறகு மோசமாக இருந்த பகுதியைக் கொத்தி எடுத்துத் திரும்பப் பூசினார்கள். மீதிக்கு எலாஸ்டிக் கோட்டிங் அடித்துத் தருவதாக எழுத்தில் கொடுத்திருக்கிறார்கள்.

மாதிரி வீட்டைப் பார்க்கப் போகிறவர்கள் பால்கனிக் கைப்பிடியையும் விசாரியுங்கள். பளபளவென்று எஸ்எஸ் பைப், 304 கிரேடு. பாளையங்கோட்டையில் அதுவே போதும், கடலோரத்தில் ஒரு வருடத்துக்குள் டீ சிந்தின மாதிரி பழுப்புக் கறை விழும். மாலிப்டினம் கலந்த 316 தான் உப்பைத் தாங்கும், விலை கூட. தட்டிப் பார்த்தோ காந்தம் வைத்தோ இரண்டையும் பிரித்தறிய முடியாது, பைப் தயாரித்த ஆலை கொடுக்கிற மில் சர்ட்டிபிகேட்டைக் கேட்டு வாங்க வேண்டும். ஜன்னல் யுபிவிசி, அது சரி.

கடலுக்கு எவ்வளவு தூரம் என்பதில் விளம்பரத்துக்கும் இடத்துக்கும் வித்தியாசம் இருக்கிறது. 'வாசலில் கடல்' என்று போட்டிருக்கிறார்கள். கட்டடம் உச்ச அலைக் கோட்டிலிருந்து 500 மீட்டரைத் தாண்டி, உடைமரங்களுக்கு இந்தப் பக்கம் நிற்கிறது. சில பேர் ஏமாற்றிவிட்டார்கள் என்று வருத்தப்படுகிறார்கள், எனக்கு அதில்தான் நிம்மதி. கடற்கரை ஒழுங்குமுறை மண்டல விதியில் ஊராட்சிப் பகுதிகளில் பொதுவாக முதல் 200 மீட்டருக்குள் புதுக் கட்டடம் கூடாது, 500 மீட்டர் வரை கடும் கட்டுப்பாடு. அதற்குள் கட்டினால் என்றைக்கு நோட்டீஸ் வரும் என்று காத்திருக்க வேண்டியதுதான். அப்புறம் கள்ளக்கடல் இருக்கிறது. காற்றே இல்லாத நாளில், எங்கோ தெற்கே கிளம்பின அலை சொல்லாமல் கொள்ளாமல் கரை ஏறுவது. 2024 மே மாதம் கன்னியாகுமரி மாவட்டக் கடற்கரையில் ஐந்து மருத்துவ மாணவர்களைக் கொண்டுபோன நாள் மறக்கக்கூடியதா? மூன்றாம் மாடி பால்கனியில் நின்றால் கடல் நன்றாகத் தெரிகிறது, காலையில் வள்ளங்கள் திரும்புவதும் தெரிகிறது, அது போதும்.

நான் நேரடியாகக் கவலைப்படுவது குடிக்கிற தண்ணீருக்குத்தான். இருக்கிற போரில் உப்பு ஏறுவதைக் கண்ணால் பார்த்தாச்சு, இரண்டு பிளாக்கும் நிரம்பி எல்லாரும் மோட்டார் போட்டு இழுத்தால் கடல் நீர் இன்னும் உள்ளே வரும், பக்கத்து ஊர்க் கிணறுகளும் சேர்ந்து கெடும். அங்கே தலைமுறையாக இருக்கிற ஜனங்கள் குடத்தோடு லாரிக்கு நிற்கிற நிலைமை நம்ம வீட்டால் வரக்கூடாது. பிளான்ட் கொள்ளளவு எவ்வளவு, அதில் கழிகிற கடும் உப்புநீரை எங்கே விடப்போகிறார்கள் என்று கேட்டால் ஆபீசில் தெளிவான பதில் இல்லை. தேரியில் குழி வெட்டி விடுவோம் என்று ஒருவர் சொன்னார், அதைக் கேட்டு எனக்கு வயிறு எரிந்தது.

ஆபீஸ் ஆட்களின் பழக்கத்தில் குறை இல்லை, போனை எடுக்கிறார்கள், சைட்டுக்குள் விடுகிறார்கள், வரைபடத்தைக் கையில் தருகிறார்கள். கணக்கு விஷயத்தில் மட்டும் நீங்களே பார்த்துக்கொள்ள வேண்டும். விளம்பரத்தில் 1,150 சதுர அடி, வீட்டுக்குள் நிஜமாகப் புழங்குகிற தரையான கார்ப்பெட் ஏரியா 790 தான். 2016-ஆம் வருடத்து ரியல் எஸ்டேட் சட்டப்படி விற்கவேண்டியதே கார்ப்பெட் கணக்கில், அதனால் அக்ரிமெண்டில் அந்த எண் இருக்கிறதா என்று பாருங்கள். பதிவு செய்த அக்ரிமெண்ட் இல்லாமல் பத்து சதவீதத்துக்கு மேல் வாங்கக்கூடாது, நீங்கள் கட்டுகிற பணத்தில் 70 சதவீதம் அந்த வேலைக்கென்று தனிக் கணக்கில் இருக்க வேண்டும், மூன்று மாதத்துக்கு ஒருமுறை வேலை நிலவரத்தை ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தின் இணையதளத்தில் ஏற்ற வேண்டும். வாட்ஸ்அப்பில் வந்த சதவீதத்தையும் அங்கே ஏற்றியிருப்பதையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், நான் பார்த்தபோது அங்கே இருந்த எண் குறைவாகவும் உண்மைக்கு நெருக்கமாகவும் இருந்தது. சாவி கொடுத்து ஐந்து வருடத்துக்குள் கட்டுமானக் கோளாறு வந்தால் இலவசமாகச் சரிசெய்து தருவது அவர்கள் கடமை, ஆகவே இப்போது எடுக்கிற படங்களையும் மெயில்களையும் அழித்துவிடாதீர்கள்.

போன வாரம் அத்தான் கூப்பிட்டு, "மாப்ளே, அடுத்த தவணை கேக்காங்க, போடவா வேண்டாமா" என்றார். தளத்துக்கான தவணையைத் தாமதம் பண்ண வேண்டாம், வட்டி போடுவார்கள், அந்த வேலை ஒழுங்காகத்தான் நடந்திருக்கிறது, ஆனால் பணத்தோடு சேர்த்து சம்ப், சுத்திகரிப்புத் தொட்டி, குடிநீர் பிளான்ட் மூன்றுக்கும் முடிக்கிற தேதியை எழுத்தில் கேட்டு மெயில் போடுங்கள் என்று சொன்னேன். இரண்டாவது பிளாக்கில் இன்னும் பதினைந்து இருபது குடும்பங்கள் அதே மெயிலைப் போட்டால் பதில் சீக்கிரம் வரும். அதே பிளாக்கில் மேற்குப் பக்க வீடு வாங்கியவர்கள் வெளிப்பூச்சை அடுத்த ஆடிக்கு முன்னால், இல்லையென்றால் ஆடி ஆவணி கழிந்தபிறகு செய்யச் சொல்லி இப்போதே எழுதிவிடுங்கள். சாரம் கட்டினபிறகு சொன்னால் கேட்க மாட்டார்கள்.