நோடேட்டாவை ஸ்டைலில் மறைப்பதா, ஃபைலிலேயே எழுதுவதா?

உயர ராஸ்டரை, அதாவது ஒவ்வொரு பிக்சலிலும் நிலத்தின் உயரம் எண்ணாகப் பதிந்திருக்கும் படத்தை, க்யூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளில் திறந்தால் நிலம் முழுக்க வெளிறிக் கிடக்கும், நடுவே கன்னங்கரேலென்று ஓட்டைகள். டவுன்லோடு கோளாறு என்று நினைத்து மறுபடி இறக்குபவர்கள் உண்டு. தேவையில்லை. பழைய எஸ்ஆர்டிஎம் (விண்வெளி ஓடத்திலிருந்து ரேடாரால் அளந்த உயரத் தரவு) டைல்களில், அதாவது சதுரத் துண்டுகளில், உயரம் பதிவாகாத இடங்களில் -32768 என்ற எண் நிற்கும். வேறு மென்பொருள் அதை ஜியோடிஃப் என்ற பட ஃபைலாக ஆக்கும்போது, 'இது உயரம் அல்ல' என்ற நோடேட்டா குறிப்பு மட்டும் காணாமல் போயிருக்கும்.

ஆனைமுடி இருக்கும் என்10இ077 டைலையே பாருங்கள். உச்சி 2,695 மீட்டர். -32768-லிருந்து அதுவரை 256 சாம்பல் நிறங்களைப் பங்கிட்டால், சமவெளி முதல் உச்சிவரை மிஞ்சுவது ஏறக்குறைய 20 நிறம். வெளிறாமல் என்ன செய்யும்?

முதல் வழி: லேயர் பிராப்பர்ட்டீஸில் டிரான்ஸ்பரன்சி பக்கம் போய், கூடுதல் நோடேட்டா மதிப்பாக -32768 கொடுத்து, மின்-மேக்ஸை (நிறம் பங்கிடும் குறைந்தபட்ச, அதிகபட்ச மதிப்புகளை) மறுபடி ஏற்றுவது. உடனே சரியாகிவிடும், மூல ஃபைலையும் தொட வேண்டியதில்லை. ஒரே ஒரு மேப்பை பிரின்ட் எடுக்க இது போதும். ஃபைலில் எழுத அனுமதி இல்லையென்றால் இதுதான் கதி.

இரண்டாவது வழி, ஜீடால் என்ற ராஸ்டர் கருவித் தொகுப்பின் எடிட் கட்டளையால் நோடேட்டா மதிப்பை ஃபைலிலேயே பதிப்பது. நான் இதற்கு மாறிவிட்டேன். திரையில் இரண்டும் ஒன்றுதான். வித்தியாசம் அடுத்த வேலையில் தெரியும். முதல் வழியில் செய்த மாற்றம் உங்கள் புராஜெக்டில்தான் இருக்கிறது. டூல்பாக்ஸிலுள்ள ஜீடால் கருவிகள் அதைக் கண்டுகொள்ளாமல் நேராக ஃபைலைப் படிக்கும். அந்த டைலை யூடிஎம் 43 வடக்கு என்ற மீட்டர் அளவு ஆயமுறைக்கு மாற்றுகிறீர்கள், ரீசாம்ப்ளிங் (புதிய பிக்சல்களுக்கு மதிப்புக் கணக்கிடுவது) பைலீனியர், அதாவது பக்கத்து மதிப்புகளைக் கலக்கும் முறை, என்று வையுங்கள். ஓட்டையின் ஓரத்தில் 1,200 மீட்டர் பிக்சலும் -32768 பிக்சலும் பாதிக்குப் பாதி கலந்தால் -15784 பிறக்கும். இந்த எண்ணை எந்த நோடேட்டா பட்டியலிலும் சேர்க்க முடியாது. பக்கத்து பிக்சலில் வேறொரு எண் இருக்கும். திரையில் மின் மதிப்பை ஏற்றி மறைக்கலாம். ஸ்லோப் (நிலச் சரிவு) கணக்குப் போட்டால் ஓட்டையைச் சுற்றிச் செங்குத்துப் பாறையாக எழுந்து நிற்கும். ஃபைலை வேறொருவருக்கு அனுப்பினாலும் இதே கதை. அவரிடம் உங்கள் ஸ்டைல் இருக்காது.

எடிட் கட்டளை பிக்சல்களைத் தொடாது, குறிப்பை மட்டும் எழுதும். ஆனாலும் அதே ஃபைலில்தான் எழுதுகிறது, நகல் எடுத்துக்கொள்ளுங்கள்.

எந்த வழியானாலும் ஐடென்டிஃபை கருவியால் அந்தக் கறுப்பைக் கிளிக் செய்து எண்ணைப் பார்த்துவிட்டுக் கொடுங்கள். கறுப்பாக இருக்கிறதே என்று 0 போட்டால் நாகப்பட்டினக் கரையோரம் பொத்தலாகும். 0-வுக்குக் கீழே எல்லாவற்றையும் கழிக்கலாம் என்றால், கடல்மட்டத்துக்குத் தாழ்ந்த குட்டநாட்டு வயல்களும் சேர்ந்து போகும்.

நான் சொல்வதெல்லாம் முழு எண் ராஸ்டர்களை வைத்துத்தான். தசம எண் ராஸ்டர்களோடு எனக்குப் பழக்கம் குறைவு.

ஃபைலைத் திருத்திய பிறகும் படம் வெளிறியே இருந்தால், பக்கத்தில் கிடக்கும் ஆக்ஸ் எக்ஸ்எம்எல் என்ற துணை ஃபைலில் பழைய புள்ளிவிவரம் தங்கியிருக்கலாம். அதை அழித்துவிட்டு லேயரைப் புதிதாகச் சேருங்கள்.