சுணங்கும் போனை ஓட வைத்தது: சில வருட அனுபவம்

2021 இல் வாங்கிய நடுத்தர விலை ஆண்ட்ராய்ட் போன், 4 ஜிபி ராம், 64 ஜிபி ஸ்டோரேஜ். இன்றும் அதைத்தான் பாவிக்கிறேன். வாங்கி அடுத்த வருடமே சுணங்கத் தொடங்கிவிட்டது. வட்ஸ்அப்பைத் தொட்டால் கொஞ்ச நேரம் வெள்ளைத் திரை, கீபோர்ட் எழும்பி வர ஒரு யுகம், கமெரா திறப்பதற்குள் படம் எடுக்க நினைத்த பிள்ளை அடுத்த அறைக்குப் போய்விடும். புதியது வாங்கலாம் என்று பார்த்தால் அது 2022. வருடத் தொடக்கத்தில் 200 இலங்கை ரூபாய் அளவில் இருந்த டொலர் மே மாதமளவில் 360 ஐத் தொட்டிருந்தது. கொழும்பு லிபர்ட்டி பிளாசாவில் விலை கேட்டுவிட்டுப் பேசாமல் திரும்பியவர்களில் நானும் ஒருவன். சரி, இருப்பதையே ஓட வைப்போம் என்று இறங்கினேன். அப்போது செய்ததில் எது நிலைத்தது, எது ஒரு கிழமையில் பழையபடி ஆனது என்று இப்போது உறுதியாகச் சொல்ல முடியும்.

எல்லாவற்றுக்கும் முதல் ஸ்டோரேஜ். போன் பழசானதால் சுணங்குகிறது என்று சொல்பவர்களின் போனை வாங்கிப் பார்த்தால் பெரும்பாலும் 64 இல் 60 ஜிபி நிரம்பியிருக்கும். போனின் ஸ்டோரேஜாக இருக்கும் ஃபிளாஷ் மெமரியில் பழையதற்கு மேலேயே புதியதை எழுத முடியாது. ஒரு பகுதியை முழுதாக அழித்த பிறகுதான் அங்கே மறுபடி எழுதலாம். இடம் தாராளமாக இருந்தால் அந்த வேலை நமக்குத் தெரியாமலே நடந்துவிடும், நிரம்பிவிட்டால் ஒவ்வொரு சின்ன விஷயத்தை எழுதவும் அங்கிருப்பதை இங்கே தள்ளி இடம் உண்டாக்க வேண்டும், நாம் அனுபவிக்கும் சுணக்கத்தில் பெரிய பங்கு அதுதான். அதிலும் விலை குறைந்த போன்களில் இருப்பது ஈஎம்எம்சி வகை, யூஎஃப்எஸ் வகையை விட வேகம் நன்றாகவே குறைந்தது, நிரம்பினால் உடனே தெரிந்துவிடும். அழித்த இடங்களைத் துப்புரவாக்கும் ட்ரிம் என்ற வேலையை 2013 இல் வந்த ஆண்ட்ராய்ட் 4.3 முதல் போன் தானாகவே செய்கிறது, ஆனால் சார்ஜில் சும்மா கிடக்கும் நேரம் பார்த்துத்தான் செய்யும். நான் எப்போதும் ஐந்தில் ஒரு பங்கையாவது காலியாக வைத்திருக்கிறேன். இந்த ஒன்றைக் கடைப்பிடித்ததில் கிடைத்த வேகம் இத்தனை காலமும் குறையவில்லை.

அந்த இடம் எங்கே போகிறது என்றால், நம்மவர்கள் வீடுகளில் பதில் ஒன்றுதான், வட்ஸ்அப் குரூப்கள். ஒவ்வொரு குடும்பத்திலும் டொராண்டோவில் ஒருவர், லண்டனில் ஒருவர், யாழ்ப்பாணத்தில் ஒருவர். காலை வணக்கப் படம், கோயில் திருவிழா வீடியோ, கலியாண வீடியோ, அதே வீடியோ மூன்று குரூப்களில் மூன்று தடவை. வெள்ளவத்தையில் இருக்கும் அம்மாவின் போனை எடுத்துப் பார்த்தால் கலரி முழுக்க ரோசாப்பூதான். வட்ஸ்அப் செட்டிங்ஸில் ஸ்டோரேஜ் பகுதிக்குப் போனால் 5 எம்பிக்கு மேற்பட்டவையும், பலமுறை ஃபோர்வர்ட் ஆனவையும் தனித்தனியாகப் பிரித்துக் காட்டும், அங்கிருந்தே அழிக்கலாம். அதைவிட முக்கியம், மொபைல் டேட்டாவிலும் வைஃபையிலும் படம், வீடியோ தானாக இறங்குவதை நிறுத்துவது. "தம்பி, படங்கள் வராதா?" என்று அம்மா பயந்தார். வரும் அம்மா, வேண்டியதைத் தொட்டால் இறங்கும், அவ்வளவுதான். இப்போது அவருக்கே அது பழகிவிட்டது.

கிளீனர், பூஸ்டர் என்று வரும் செயலிகளை யாருக்கும் சொல்ல மாட்டேன். ராம் நிரம்பியிருப்பது நோயே இல்லை. அடிக்கடி திறக்கும் செயலிகளை ஆண்ட்ராய்ட் ராமில் வைத்திருப்பதே அடுத்த தடவை கெதியாகத் திறக்கத்தான். பூஸ்டர் அவற்றைத் துரத்த, அவை மறுபடி அடியிலிருந்து தொடங்க, பெட்டரிதான் கரைகிறது. இடையில் விளம்பரங்கள் வேறு. எல்லாச் செயலிகளையும் விரலால் தள்ளி மூடிக்கொண்டே இருப்பதும் இதே கதைதான். புதிய போன்களில் வரும் ராம் விரிவாக்கம் ஸ்டோரேஜில் ஒரு துண்டைக் கடன் வாங்குகிறது, என்னுடையதைப் போல மெதுவான ஸ்டோரேஜில் அதை நிறுத்தி வைப்பதே நல்லது.

செட்டிங்ஸில் இருக்கும் பில்ட் நம்பரை ஏழு தடவை தட்டி, மறைந்திருக்கும் டெவலப்பர் ஒப்ஷன்ஸைத் திறந்து, மூன்று அனிமேஷன் அளவுகளையும் 0.5 ஆக்குவதை நான் இன்றும் வைத்திருக்கிறேன். உண்மையான வேகம் கூடுவதில்லை, காத்திருக்கும் நேரம் குறையும், கைக்கு அது பெரிய ஆறுதல். எடை குறைந்த லைட் செயலிகளும் உதவின.

இவ்வளவு செய்தும் தீராவிட்டால், எல்லாவற்றையும் அழித்துப் போனைப் புதிதுபோல ஆக்கும் ரீசெட்டுக்கு முன் சேஃப் மோடில் ஒரு தடவை போட்டுப் பாருங்கள். அதில் நாம் ஏற்றிய செயலிகள் எதுவும் ஓடாது. அங்கே போன் நன்றாக ஓடினால் குற்றவாளி ஏதோ ஒரு செயலிதான், கடைசியாக ஏற்றியதிலிருந்து ஒவ்வொன்றாக நீக்கிப் பார்க்கலாம். ரீசெட் செய்வதென்றால் கூகுள் கணக்கின் பாஸ்வேர்ட் கட்டாயம் தெரிந்திருக்க வேண்டும், செட்டிங்ஸுக்குப் போகாமல், பட்டன்களை அழுத்தித் திறக்கும் ரெக்கவரி மெனு வழியாக அழித்தால் பழைய கணக்கைக் கேட்காமல் போன் உள்ளே விடாது. வட்ஸ்அப் பேக்கப்பை முதலில் எடுங்கள், அது இப்போது கூகுளின் இலவச 15 ஜிபிக்குள்தான் கணக்காகிறது. பிறகு பழைய செயலிகள் எல்லாவற்றையும் ஒரேயடியாக மீட்காமல், தேவை வரும்போது ஒவ்வொன்றாக ஏற்றுங்கள். நான் அப்படித்தான் செய்தேன், முன்பு இருந்ததில் பாதிகூடத் திரும்பி வரவில்லை, எதையும் தேடவும் இல்லை.

பெட்டரி விஷயத்தைப் பலர் கவனிப்பதில்லை. மூன்றாம் வருடமளவில் மத்தியானத்துக்கே சார்ஜ் இறங்கிவிடும், அதனால் காலையிலிருந்தே பவர் சேவரைப் போட்டுவிடுவேன். பவர் சேவர் செய்வதே புரொசசரின் வேகத்தைக் கட்டுப்படுத்துவதும் பின்னணி வேலைகளை நிறுத்துவதும்தான். அதாவது களைத்த பெட்டரி நேரடியாகச் சுணக்கம் தராவிட்டாலும், அதைக் காப்பாற்ற நாம் செய்வது தருகிறது. ஐபோனில் இது நேரடியாகவே நடந்தது: பெட்டரி பழசான போன்கள் திடீரென்று அணையாமல் இருக்க வேகத்தைக் குறைத்ததாக அப்பிள் 2017 டிசம்பரில் ஒப்புக்கொண்டு, 2018 முடியும் வரைக்கும் பெட்டரி மாற்றும் கட்டணத்தை 79 டொலரிலிருந்து 29 ஆக இறக்கியது. நான் புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருப் பக்கம் விசாரித்து, கண் முன்னால் மாற்றித் தரும் ஒரு இடத்தில் மாற்றினேன். புதிய போனின் விலையோடு பார்த்தால் சின்னச் செலவு. அன்றிலிருந்து பவர் சேவர் தேவைப்படவில்லை. பின்பக்க மூடி தூக்கிக்கொண்டிருந்தால் மட்டும் யோசிக்கவே வேண்டாம், பெட்டரி வீங்கியிருக்கிறது, சார்ஜ் போடாமல் உடனே கொண்டுபோங்கள்.

கொழும்பின் சூடும் ஒரு காரணம். சூடேறினால் புரொசசர் தன்னைத்தானே மெதுவாக்கிக்கொள்ளும். ஐபோனுக்கே 35 பாகை வரைக்கும்தான் பாவிக்கச் சொல்கிறார்கள். ஓட்டோ ஓட்டும் என் மச்சான் போனைக் கண்ணாடியோடு ஒட்டி, வெயிலில், சார்ஜில், மேப்பைத் திறந்தபடி காலி வீதியில் ஓடுவார், மத்தியானத்தில் மேப் இழுபடும். போனை வெயில் படாத கீழ்ப்பக்கம் மாற்றி, தடித்த கவரைக் கழற்றியதுமே அது குறைந்தது. ஒரு சதம் செலவில்லை.

இதற்கும் ஒரு எல்லை இருக்கிறது. என் போனுக்குப் பாதுகாப்பு அப்டேட் நின்றுவிட்டது, அதனால் வங்கிச் செயலியை அதில் வைத்திருக்கவில்லை. அழைப்பு, வட்ஸ்அப், படம், யூடியூப், பஸ்ஸில் வாசிப்பு எல்லாம் இன்னும் தாராளமாக ஓடுகிறது. அடுத்தது வாங்கும்போது கடைக்காரர் கமெராவின் மெகாபிக்சலைச் சொல்லத் தொடங்கினால் நான் இரண்டு கேள்விதான் கேட்பேன்: ஸ்டோரேஜ் யூஎஃப்எஸ்ஸா, அப்டேட் எத்தனை வருடத்துக்கு வரும்?