கெளுத்தித் தொட்டிக்குப் புரோபயாடிக்: தீவனத்திலா, தண்ணீரிலா, தயிரிலா?

ஆனேக்கல், அத்திபள்ளி, ஒசகோட்டை என்று பெங்களூரைச் சுற்றித் தார்ப்பாய்த் தொட்டி போட்டு மீன் வளர்க்கும் தமிழர்கள் சந்தித்துக்கொண்டால், பேச்சு சீக்கிரமே புரோபயாடிக் பவுடருக்கு, அதாவது நல்லது செய்யும் நுண்ணுயிர்கள் அடங்கிய பவுடருக்கு, வந்துவிடும். "அண்ணே, நீங்கள் எந்தக் கம்பெனி போடுகிறீர்கள்?" என்பதுதான் முதல் கேள்வி. எங்கே போடுகிறீர்கள், எதற்காகப் போடுகிறீர்கள் என்று யாரும் கேட்பதில்லை. எனக்கோ கம்பெனிப் பெயர் கடைசிக் கவலை.

நான் கெளுத்தி என்று இங்கே சொல்வது பங்காசியஸையும் நாட்டு மாகூரையும்தான். ஆப்பிரிக்கக் கெளுத்தியை வளர்க்கத் தடை இருக்கிறது. அதற்கு எந்தப் பவுடர் நல்லது என்ற பேச்சே வேண்டாம்.

இந்த இரண்டு மீன்களுக்கும் ஒரு குணம் உண்டு. மேலே வந்து காற்றை விழுங்கியே உயிர் பிழைத்துக்கொள்ளும். தண்ணீரில் ஆக்சிஜன் வற்றினால் கட்லாவும் ரோகுவும் விடிவதற்குள் செத்து மிதந்து காட்டிக்கொடுத்துவிடும், கெளுத்தி காட்டிக்கொடுக்காது. பெங்களூரோ கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அதே வெப்பநிலையில் சென்னைத் தண்ணீர் பிடித்துவைக்கும் ஆக்சிஜனில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு இங்கே குறைவு. மீன் தாக்குப்பிடிக்கும், ஆனால் மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவைத் தின்று தீர்க்கும் பாக்டீரியா தாக்குப்பிடிக்காது. தண்ணீர் கெட்டு, மீன் தீவனத்தை ஒதுக்கும்போதுதான் வளர்ப்பவருக்கே தெரியவரும். உடனே "குடலில் கோளாறு" என்று முடிவுகட்டித் தீவனத்துக்குப் பவுடர் வாங்கி வருவார். தண்ணீருக்கு வந்த நோய்க்குத் தீவனத்தில் மருந்து!

தீவனத்தில் கலப்பவற்றில் நான் முதலிடம் தருவது பேசில்லஸ் வகை பாக்டீரியாவுக்குத்தான். சப்டிலிஸ், லைக்கனிஃபார்மிஸ் என்ற பெயர்களை உறையில் பார்த்திருப்பீர்கள். இவை வித்தாகச் சுருங்கி உறங்கக்கூடியவை. சூட்டையும் மாதக்கணக்கான இருப்பையும் பெருமளவு தாங்கும். தயிரில் இருப்பதைப் போன்ற லாக்டோபேசில்லஸ் பாக்டீரியாவுக்கு அந்தத் திறன் இல்லை. தகரக் கொட்டகையில் ஒரு கோடை கிடந்த பொட்டலத்தில் அது எவ்வளவு உயிரோடு இருக்கும் என்பதற்கு நான் உத்தரவாதம் தரமாட்டேன்.

கலக்கும் முறையில்தான் பலர் கோட்டைவிடுகிறார்கள். மிதவைத் தீவனத்தின் மேல் பவுடரை அப்படியே தூவித் தொட்டியில் கொட்டினால் பாதி கரைந்து தண்ணீரோடு போய்விடும். குளோரின் இல்லாத கொஞ்சம் தண்ணீரில் பவுடரைக் கரைத்து, தீவனத்தின் மேல் தெளித்துப் புரட்டி, பிறகு மீன் எண்ணெயோ முட்டையின் வெள்ளைக்கருவோ லேசாகப் பூசி, நிழலில் அரை மணி நேரம் உலரவிட வேண்டும். காவிரிக் குழாய்த் தண்ணீரைப் பிடித்த கையோடு ஊற்றினால் குளோரின் தன் வேலையைக் காட்டிவிடும். ஒரு பக்கம் ஆன்டிபயாட்டிக், மறு பக்கம் புரோபயாடிக் என்று ஒரே வாரத்தில் கொடுப்பதும் காசைத் தொட்டியில் கொட்டுவதுதான்.

தண்ணீரில் போடும் பவுடரை எடுத்துக்கொள்வோம். இங்கே ஒரு கணக்கு போட்டுப் பார்த்தாலே விஷயம் புரிந்துவிடும். கிராமுக்கு 100 கோடி உயிரணு என்று உறையில் போட்டிருக்கும் பவுடரில் 10 கிராம் எடுங்கள். அதை 10,000 லிட்டர் தொட்டியில் கரைத்தால் மில்லிக்கு 1,000 உயிரணு வரும். அந்தத் தண்ணீரில் ஏற்கெனவே மில்லிக்கு லட்சக்கணக்கில் வேறு பாக்டீரியா குடியிருக்கும். அதே 10 கிராமை 2 கிலோ தீவனத்தில் கலந்தால் தீவனத்தின் ஒவ்வொரு கிராமிலும் 50 லட்சம்! ஆய்வுகளில் வழக்கமாகக் கொடுக்கும் அளவு கிராமுக்கு 10 லட்சம் முதல் 10 கோடி வரை. நம் கணக்கு அதற்குள் வருகிறது. தண்ணீரில் தூவியது கல்யாணக் கூட்டத்தில் தொலைந்த குழந்தை கதைதான்.

ஆகவே, தண்ணீரைத் திருத்தப் பவுடரைவிட முதலில் வேண்டியது காற்றும் வெல்லமும். 30 சதவீதப் புரதமுள்ள 1 கிலோ தீவனத்தில் 48 கிராம் நைட்ரஜன் இருக்கிறது. அதில் பாதிக்கு மேல், பெரும்பாலும் அம்மோனியாவாக, தண்ணீரில்தான் சேரும். மண்டியா வெல்லம் கரைத்து ஊற்றினால், தொட்டியில் ஏற்கெனவே இருக்கும் பாக்டீரியா அந்தச் சர்க்கரையோடு அம்மோனியாவையும் உண்டு பெருகும். பயோஃப்ளாக் என்ற வளர்ப்பு முறையின் அடிப்படையே இதுதான். ஆனால் அப்படிப் பெருகும்போது ஆக்சிஜனை உறிஞ்சித் தள்ளும். மின்சாரம் போய் ஏர் பம்ப் நிற்கும் ஊரில், மாற்று ஏற்பாடு இல்லாதவர் வெல்லத்தில் கைவைக்காமல் தண்ணீரை மாற்றுவதே உத்தமம். போர்வெல் தண்ணீரில் அமில, காரத்தன்மையைக் காட்டும் பிஎச் அளவு 8ஐத் தொட்டால் இன்னும் கவனம் வேண்டும். பிஎச் 7இல் இருப்பதைப்போல் ஏறக்குறைய 10 மடங்கு அம்மோனியா அங்கே நச்சு வடிவத்தில் இருக்கும்.

தயிரும் தவிடும் சேர்த்துப் புளிக்கவைக்கும் கைவைத்தியத்துக்கு நம்மவர்களிடம் தனி மோகம். நந்தினி பாக்கெட் தயிர், தவிடு, வெல்லம், ஒரு வாளி. செலவு குறைவு என்பது உண்மை. புளித்த தவிட்டில் நார் கொஞ்சம் இளகும், அதுவும் லாபமே. ஆனால் தயிரின் பாக்டீரியா பால் வெதுவெதுப்பில் வாழப் பழகியது. மீன் குடலில் நிலைத்துத் தங்கும் என்று எதிர்பார்க்கக் கூடாது. வாளியில் வேறு என்ன வளர்கிறது என்பதும் நமக்குத் தெரியாது. இனிப்பும் புளிப்புமாக மணந்தால் சரி. அழுகல் வாடையோ கறுப்புப் பூஞ்சையோ கண்டால் தயங்காமல் கொட்டிவிடுங்கள்.

ஈஸ்ட்டைப் பற்றிப் பேசுவோர் குறைவு. அதன் செல் சுவரில் உள்ள பீட்டா குளுக்கன் மீனின் எதிர்ப்புச் சக்தியைத் தூண்டும். ஈஸ்ட் செத்திருந்தாலும் அது வேலை செய்யும். சூடு, குளோரின், பழைய இருப்பு என்ற கவலைகள் இதற்குக் குறைவு. குஞ்சுகளை இடம் மாற்றும் வாரத்திலும், குளிர் தொடங்கும் முன்பும் நான் இதைப் பரிந்துரைப்பேன். டிசம்பர், ஜனவரியில் இரவு வெப்பநிலை 15 டிகிரியை ஒட்டி இறங்கும்போது பங்காசியஸ் வாயைத் திறக்க மறுக்கும். தின்னாத மீனுக்குத் தீவனம் வழியாக எதைக் கொடுத்தும் சேராது.

காசுக் கணக்கு ஒன்று பாக்கி. தீவனம் கிலோ 45 ரூபாய், பவுடர் கிலோ 600 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். கிலோவுக்கு 5 கிராம் கலந்தால் 3 ரூபாய் கூடும். 1 கிலோ மீனுக்கு 1.5 கிலோ தீவனம் செலவழித்தவருக்கு அது 1.4 கிலோவாக இறங்கினால்தான் போட்ட காசு திரும்பும். இறங்கியதா என்று அறிய, ஒரே நாளில் குஞ்சு விட்ட இன்னொரு தொட்டியைப் பவுடர் இல்லாமல் வளர்த்து எடை பார்க்க வேண்டும். அப்படிப் பார்த்தும் விளங்காவிட்டால் ஹெசரகட்டாவில் மத்திய நன்னீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்டல மையம் இருக்கிறது, போய்க் கேட்கலாம்.

மொத்தமாக வாங்கினால் விலை குறைத்துத் தருவதாகக் கடைக்காரர் ஆசைகாட்டுவார். 2 தொட்டிக்கு நாளொன்றுக்கு 4 கிலோ தீவனம் போடுபவருக்கு 20 கிராம் பவுடர் போதும். 5 கிலோ மூட்டை 250 நாள் வரும். வாய் பிரித்த மூட்டை ஒரு மழைக்காலம் முழுக்க ஈரம் குடித்துக்கொண்டிருக்கும். அரைக் கிலோ பொட்டலமாக, தயாரித்த தேதி பார்த்து வாங்குங்கள்.