பீட்டில்ஸ் மோனோ பெட்டி: பல ஆண்டுகள் கேட்ட பிறகு

பீட்டில்ஸ் என்ற பிரிட்டிஷ் ராக் குழுவின் மோனோ பெட்டியை வாங்கலாமா, போனில் கேட்கும் ஸ்டீரியோவே போதுமா என்று நண்பர் ஒருவர் கேட்டார். மோனோ என்றால் எல்லா ஒலியும் ஒன்றாகச் சேர்ந்து இரு காதிலும் ஒரேபோல வருவது. ஸ்டீரியோ என்றால் இடம், வலம் எனப் பிரிந்து வருவது. 2009 செப்டம்பரில் வந்த அந்த சிடி பெட்டி என்னிடம் பல ஆண்டுகளாக இருக்கிறது. அதில் என்னென்ன ஆல்பங்கள் உள்ளன என்பது எல்லோருக்கும் தெரியும். நான் பேச விரும்புவது, இத்தனை காலமும் என்னை எரிச்சலூட்டிவரும் ஒன்றைப் பற்றி: 'ரப்பர் சோல்' ஆல்பத்தின் ஸ்டீரியோ.

1965 டிசம்பரில் வெளியான அந்த ஆல்பத்தை இயர்போனில் கேளுங்கள். பெரும்பாலான பாடல்களில் கிடார், பேஸ், டிரம் எல்லாம் இடது காதில் ஒலிக்கும். குரல் வலது காதில் ஒலிக்கும். நடுவே வெறுமை. வாத்தியக்காரர்களை மேடையில் விட்டுவிட்டுப் பாடகர்களைத் தெருமுனைக்கு அனுப்பியதுபோல இருக்கிறது. இரண்டு பாடல்களுக்குள் தலை கனத்துவிடுகிறது. 1987இல் சிடிக்காகத் தயாரிப்பாளர் ஜார்ஜ் மார்ட்டினே இதை மறுபடி ஒலிக்கலவை செய்தார், அதாவது பதிவான குரலையும் வாத்தியங்களையும் அளவு பார்த்து மீண்டும் சேர்த்தார். குரல் சற்று உள்ளே நகர்ந்ததே தவிர, நடுவுக்கு வரவில்லை. 2009 ஸ்டீரியோ வெளியீட்டிலும் அதே 1987 கலவைதான். உலகமே கொண்டாடும் ஓர் ஆல்பத்தைப் புதிதாகக் கேட்க வரும் இளைஞர்களுக்கு முதலில் இதுவே கையில் கிடைக்கிறது என்பதை என்னால் இன்னும் ஏற்க முடியவில்லை.

இதே பிரிவினையால் அண்மையில் எதிர்பாராத ஓர் இன்பமும் கிடைத்தது. என் இயர்போனின் இடதுபக்க ஒயர் அறுந்துவிட்டது. பழுதுபார்க்கக் கொடுப்பதற்கு முன் 'நோவேர் மேன்' பாடலைப் போட்டேன். மோனோ பெட்டியின் 'ரப்பர் சோல்' தட்டிலேயே 1965இன் பழைய ஸ்டீரியோ கலவையும் சேர்ந்திருக்கிறது. நான் கேட்டது அதைத்தான். வாத்தியங்கள் விலகிப்போய், லெனன், மெக்கார்ட்னி, ஹாரிசன் மூவரின் குரலும் ஏறக்குறையத் தனியாக நின்றன. மூச்சு வாங்கும் இடம்கூடக் கேட்டது. மூவரும் எவ்வளவு நெருக்கமாக ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டே பாடியிருக்கிறார்கள் என்பது அன்றுதான் எனக்கு விளங்கியது. ஒயரைச் சரிசெய்து வாங்கிய பிறகு அந்த இன்பம் போய்விட்டது, எரிச்சல் திரும்பிவிட்டது.

இந்தப் பிரிவினையின் வேர் 1963இல் இருக்கிறது. அந்த ஆண்டு பிப்ரவரி 11 அன்று லண்டன் இ.எம்.ஐ. ஸ்டூடியோவில் ஒரே நாளில் பத்துப் பாடல்களைப் பதிவுசெய்து முதல் ஆல்பத்தை ஏறக்குறைய முடித்தார்கள். அப்போது டேப்பில் இரண்டே டிராக், அதாவது தனித்தனியாக ஒலி பதியும் இரண்டே தடம். ஒன்றில் வாத்தியம், மற்றொன்றில் குரல். ஸ்டீரியோவுக்காக அப்படிப் பிரிக்கவில்லை. பிற்பாடு இரண்டின் அளவையும் கூட்டிக் குறைத்து நல்ல மோனோவாகச் சேர்ப்பதற்கே அந்த ஏற்பாடு. அன்றைய பிரிட்டிஷ் இளைஞர்களிடம் இருந்த ரெக்கார்ட் பிளேயரும் ரேடியோவும் மோனோதான். அதனால் குழுவின் அக்கறை முழுவதும் மோனோ கலவையில் இருந்தது. 1967இல் 'சார்ஜென்ட் பெப்பர்' ஆல்பம் முடிந்தபோதும் நால்வரும் உட்கார்ந்து மெருகேற்றியது மோனோவைத்தான். ஸ்டீரியோ அவர்கள் இல்லாமலே தயாரானது.

வித்தியாசம் சின்னது என்று நினைக்க வேண்டாம். மோனோவில் 'ஷீ'ஸ் லீவிங் ஹோம்' சற்று வேகமாகவும் சுருதி கூடியும் ஓடுகிறது. ஸ்டீரியோவில் அது இழுபடுவதைக் கேட்ட பிறகு மோனோவே உண்மையான பாடல் என்று தோன்றும். 'ஐ'ம் ஒன்லி ஸ்லீப்பிங்' பாடலில் பின்னோக்கி ஓடும் கிடார் இரண்டு கலவைகளிலும் வெவ்வேறு இடங்களில் நுழைகிறது. 'ரிவால்வர்' ஆல்பத்தின் டிரம் ஒலியை மோனோவில்தான் கேட்க வேண்டும். அப்போது இருபது வயதே ஆகியிருந்த பொறியாளர் ஜெஃப் எமரிக், பேஸ் டிரம்முக்குள் ஒரு கம்பளி ஸ்வெட்டரைத் திணித்து மைக்கை மிக அருகில் கொண்டுவந்து வைத்தார். அதே 1966இல், ஒரே வரியை இரண்டாம் முறை பாடுவது லெனனுக்குச் சலிப்பாக இருந்ததால், ஸ்டூடியோவின் பொறியாளர் கென் டவுன்சென்ட் டேப் இயந்திரத்தைக் கொண்டே குரலை இரட்டிப்பாக்கும் முறையைக் கண்டுபிடித்தார். பிறகு வந்த எத்தனையோ ராக் குழுக்கள் இந்த வழிகளைப் பின்பற்றின. குழுவின் செல்வாக்கு என்றதும் தலைமுடியையும் ரசிகைகளின் கூச்சலையும் பேசுகிறார்கள். எனக்கு அந்த ஸ்வெட்டர்தான் பெரிது.

இன்னொன்றும் நினைவுக்கு வருகிறது. அமெரிக்காவில் வேறு பாடல் வரிசையோடு வந்த 'ரப்பர் சோல்' ஆல்பத்தைக் கேட்டு உந்தப்பட்டே பீச் பாய்ஸ் என்ற அமெரிக்கக் குழுவின் பிரையன் வில்சன் 1966இல் 'பெட் சவுண்ட்ஸ்' ஆல்பத்தைச் செய்தார். அவருக்குச் சிறுவயதிலிருந்தே வலது காது ஏறக்குறையக் கேட்காமலே இருந்தது. தன் ஆல்பத்தை அவர் மோனோவில்தான் கலந்தார். அதைக் கேட்டு வியந்த மெக்கார்ட்னி, 'சார்ஜென்ட் பெப்பர்' பிறக்க அதுவும் ஒரு தூண்டுதல் என்று பலமுறை சொல்லியிருக்கிறார்.

நியாயமாகச் சொல்வதென்றால் ஸ்டீரியோ வெல்லும் இடங்களும் உண்டு. 'எ டே இன் த லைஃப்' பாடலில் லெனனின் குரல் வலப்பக்கம் தொடங்கி மெதுவாக இடப்பக்கம் நகரும்போது உடல் சிலிர்க்கிறது. மோனோவில் அது கிடையாது. 'ஹெல்டர் ஸ்கெல்டர்' முடிவில் விரலில் கொப்புளம் என்று குழுவின் டிரம்மர் ரிங்கோ கத்துவதும் மோனோவில் இல்லை. 2022இல் ஜார்ஜ் மார்ட்டினின் மகன் ஜைல்ஸ் மார்ட்டின், திரைப்பட இயக்குநர் பீட்டர் ஜாக்சனின் குழு உருவாக்கிய மென்பொருளால் ஒரே டிராக்கில் கலந்துகிடந்த வாத்தியங்களைப் பிரித்து 'ரிவால்வர்' ஆல்பத்துக்குப் புதிய ஸ்டீரியோ கொடுத்தார். 'டாக்ஸ்மேன்' அதில் இயர்போனுக்கு ஏற்றபடி அமைந்திருக்கிறது.

போனின் அமைப்புகளில் மோனோ பொத்தானை அழுத்தினால் போதாதா என்றும் நண்பர் கேட்டார். போதாது. இரண்டு பக்கங்களையும் ஒன்றாகக் கொட்டுவது வேறு, மோனோவுக்கென்று அளவு பார்த்துக் கலப்பது வேறு. 'ரப்பர் சோல்' கேட்கும்போது தலைவலி குறையும், அவ்வளவுதான்.

இவ்வளவு புகழ்ந்த பிறகும், அந்தப் பெட்டியை முதலில் வாங்காதீர்கள் என்றே அவருக்குச் சொன்னேன். அதில் 'அபே ரோட்' இல்லை. 1969இல் எட்டு டிராக்கில், புதிய டிரான்சிஸ்டர் கலவை மேசையில் உருவான அந்த ஆல்பத்துக்கு மோனோ கலவையே செய்யப்படவில்லை. இந்த மாதம் நான் திரும்பத் திரும்பக் கேட்பது அதன் இரண்டாம் பக்கத்தைத்தான். முதலில் அதை வாங்குங்கள். மோனோ பெட்டி வேண்டுமென்றால் என்னுடையதை இரவல் தருகிறேன், 'ரப்பர் சோல்' தட்டு மட்டும் நீங்கலாக.